சோற்றை நிறுத்தியும் இறங்காத எடை

எடையைக் குறைப்பதென்று நம் வீடுகளில் யாராவது முடிவெடுத்தால் முதலில் கைதாவது அரிசிதான். விசாரணை கிடையாது, ஜாமீன் கிடையாது. மறுநாளிலிருந்து மதியம் சப்பாத்தி, ராத்திரியும் சப்பாத்தி. சில மாதம் கழித்துப் பார்த்தால் எடை நின்ற இடத்திலேயே நிற்கும், அல்லது ஒரு கிலோ கூடியிருக்கும். "சோத்தத் தொட்டே மூணு மாசமாச்சு கண்ணு, எடை மட்டும் எறங்கவே மாட்டேங்குது" என்று எங்கள் அத்தை சொல்லும்போது நான் அப்படியே நம்புகிறேன். அத்தை பொய் சொல்பவர் இல்லை. சோற்றைத் தொடவில்லைதான். தொட்ட மற்றவற்றை யாரும் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டது. அதன்படி 100 கிராம் பச்சரிசியில் சுமார் 356 கலோரி. முழுக் கோதுமை மாவில் சுமார் 320. கேழ்வரகிலும் ஏறக்குறைய அதே 320. கம்பிலும் சாமையிலும் 348, 346 என்று வருகிறது. அதாவது, அரிசிக்கும் மற்ற தானியங்களுக்கும் உள்ள வித்தியாசம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான். அந்தப் பத்து சதவீதத்தை ஒரு ஸ்பூன் எண்ணெய் விழுங்கிவிடும்.

விழுங்கவும் செய்கிறது. ஒரு கிண்ணம் சோறு, சுமார் 150 கிராம், 200 கலோரிக்குள் அடங்கும். அதை நிறுத்திவிட்டு மூன்று சப்பாத்தி சாப்பிடுகிறோம். ஒன்றுக்கு 30 கிராம் மாவு என்றாலும் மாவு மட்டும் சுமார் 290 கலோரி. மேலே தடவும் எண்ணெய் சப்பாத்திக்கு ஒரு சின்ன ஸ்பூன் என்றால் மூன்றுக்கும் சேர்த்து இன்னொரு 130. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ரசமும் கீரையும் போதும். சப்பாத்திக்கு அது போதாது, குருமா வேண்டும். குருமாவுக்குத் தேங்காய் வேண்டும், முந்திரி இருந்தால் நல்லது. இப்படித்தான் 'டயட் சாப்பாடு' பழைய சாப்பாட்டைவிடக் கனமாகிவிடுகிறது. கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், சர்க்கரை ஏறும் வேகம் கொஞ்சம் மட்டுப்படலாம். அதெல்லாம் சரி. ஆனால் எடை இறங்குவது தானியத்தின் பெயரைப் பார்த்து அல்ல.

எண்ணெய்தான் என் கண்ணில் பெரிய ஆள். எங்கள் கொங்குப் பக்கத்தில் செக்கு எண்ணெய் மறுபடியும் பெருமைக்குரிய பொருளாகிவிட்டது. காங்கேயத்திலிருந்து கேனில் வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். மணம் அருமை, நானும் வாங்குகிறேன். ஆனால் செக்கில் ஆட்டினாலும் ரீஃபைண்டு செய்தாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. 'நல்ல எண்ணெய்' என்ற தைரியத்தில் கை தாராளமாகிறது, அதுதான் பிரச்சினை.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. யாரும் எதையும் எடை போட வேண்டாம். மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்பது மளிகைச் சீட்டிலேயே இருக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம், பாக்கெட்டிலேயே போட்டிருப்பான். 5 லிட்டருக்கு 4,550 கிராம். நான்கு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 38 கிராம் வருகிறது, ஏறக்குறைய 340 கலோரி. அதே ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி 2,000 கலோரித் தட்டுக்கு எண்ணெய், கொழுப்பு எல்லாம் சேர்த்து 27 கிராம்தான் ஒதுக்குகிறது. நாம் போட்ட 38-ல் நெய் வரவில்லை, கடையில் வாங்கும் மிக்சர் வரவில்லை, ஓட்டல் தோசை வரவில்லை. தேங்காயும் வரவில்லை. பொள்ளாச்சி பக்கத்தில் இருந்துகொண்டு தேங்காயைக் குறை சொல்வது எனக்கே சங்கடம்தான், ஆனாலும் 100 கிராம் தேங்காய்த் துருவலில் 350 கலோரிக்குக் குறையாது. இட்லி ஆவியில் வெந்தது, லேசானது என்று நான்கு வைத்துக்கொண்டு, இட்லி மூழ்கும் அளவுக்குச் சட்னி ஊற்றினால் எது சாப்பாடு, எது தொடுகறி என்றே சொல்ல முடியாது.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. சர்க்கரைக்கும் இவற்றுக்கும் கலோரியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. காலையில் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி தேன் விட்டுக் குடித்தால் 60 கலோரி உள்ளே போகும். கொழுப்பு எதுவும் கரைந்து வெளியே போகாது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கடைகளில் வந்து குவிந்த கேழ்வரகு பிஸ்கட், தினை லட்டு, கம்பு மிக்சர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கேழ்வரகுக் களி வேறு, கேழ்வரகு பிஸ்கட் வேறு. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்தால் போதும்.

"நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லீங்க." எடை பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் இந்த வாக்கியம் வரும். இதைச் சொல்பவர்களை ஒருமுறை நியூயார்க்கில் உண்மையாகவே சோதித்துப் பார்த்தார்கள். 1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அது. தினமும் 1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட்டதையெல்லாம் அவர்களையே எழுதச் சொன்னார்கள். இன்னொரு பக்கம், சற்றே கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அது சிறுநீரில் வெளியேறும் வேகத்தை வைத்து உடல் உண்மையில் எவ்வளவு எரித்தது என்று அளந்தார்கள். எழுதியது சராசரியாக 1,028 கலோரி. உண்மையில் சாப்பிட்டது 2,081. உடற்பயிற்சியையோ பாதிக்கு மேல் கூட்டி எழுதியிருந்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் ஒரு குறையும் இல்லை.

இதைப் படித்துவிட்டுச் சிலர் "பார்த்தாயா, எல்லாம் பொய்" என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சமையலறை ஞாபகம்தான் வந்தது. உப்புப் பார்க்க ஒரு கரண்டி. பிள்ளை கடித்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிய பாதித் தோசை. வடைச்சட்டியில் மிஞ்சிய உப்புமா, "வீணாப் போகுதே" என்று. பதினோரு மணிக்கு வேலைக்காரம்மாவுக்குக் காப்பி போடும்போது தனக்கும் அரை டம்ளர். சாயங்காலம் மழை, அதனால் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பஜ்ஜி. இதில் எதற்கும் தட்டு வைத்து உட்காரவில்லை. தட்டு வைக்காத எதுவும் மனதில் சாப்பாடாகப் பதிவதில்லை. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு டம்ளர் காப்பிக்கு நூறு கலோரி என்றால், நாலு டம்ளருக்குக் கணக்குப் பாருங்கள். இரண்டு கிண்ணம் சோறு!

இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருக்கும் வித்தியாசத்தை எந்த டயட் புத்தகமும் பேசிப் பார்த்ததில்லை. வீட்டில் ஆண் டயட் இருந்தால் அவருக்குத் தனியாகச் சமையல் நடக்கும். சுட்ட கத்தரிக்காய், முளைகட்டிய பயறு, எண்ணெய் இல்லாத கோழி என்று ஒருவர் நின்று செய்துகொடுப்பார். பெண் டயட் இருந்தால் ஒரு வேளையை விட்டுவிடுவார், அவ்வளவுதான். எல்லோருக்கும் பரிமாறி முடித்து மூன்று மணிக்குப் பசி தலைக்கேறும்போது கைக்குக் கிடைத்தது முறுக்கு டப்பாவாக இருக்கும். அதற்கு மன உறுதி போதவில்லை என்று பெயர் வைப்பது அநியாயம். மிச்சத்தைத் தின்று பாத்திரத்தைக் காலி செய்யும் வேலை ஏன் ஒருவருக்கே எழுதி வைத்திருக்கிறது? மறுநாள் உலையில் அரை ஆழாக்குக் குறைத்துப் போட்டால் மிச்சமே வராது. அதைச் சொன்னால் "யாராச்சும் திடீர்னு வந்துட்டா?" என்பார்கள். வந்தால் தோசை மாவு இருக்கிறது.

வேளையை விடுவதன் இன்னொரு விளைவு, விடுபடுவது பெரும்பாலும் புரதம்தான். நம் சாப்பாட்டில் புரதம் ஏற்கெனவே மெலிந்தது. சாம்பார் இருக்கிறதே என்போம். ஒரு கிண்ணம் சாம்பாரில் இருபது கிராம் பருப்பு இருந்தால் அது தாராளமான வீடு. அதில் கிடைக்கும் புரதம் நாலரை கிராம்கூட இல்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை, 65 கிலோ உள்ளவருக்கு 54 கிராம். எடை இறங்கும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் கூடவே கொஞ்சம் போகும். புரதமும் இல்லை, கனம் தூக்கும் வேலையும் இல்லை என்றால் தசையின் பங்கு கூடிவிடும். தசை போனால் உடல் எரிக்கும் அளவும் குறையும். முட்டையில் ஒன்றுக்கு 6 கிராம் இருக்கிறது. சைவர்களுக்கு எங்கள் ஊர் மருந்து கொள்ளுதான். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கொள்ளுக்குக் கொழுப்பைக் கரைக்கும் சக்தி ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நூறு கிராமில் இருபதுக்கும் மேல் புரதம், நிறைய நார்ச்சத்து, சாப்பிட்டால் ராத்திரி வரை பசி எட்டிப் பார்க்காது. அந்தப் பழமொழிக்கு இந்த அளவு நியாயம் போதும்.

அடுத்து, எடையை இறக்கும் அவசரத்துக்கு வருகிறேன். அந்த ஏழு நாள் டயட் ஒன்று உண்டு. ஒரு அமெரிக்க கார் கம்பெனியின் பெயரில் சுற்றுவது. முதல் நாள் பழம், இரண்டாம் நாள் காய்கறி, நாலாம் நாள் வாழைப்பழமும் பாலும். முடிவில் மூன்று கிலோ இறங்கியது என்று வாட்ஸ்அப் குழுவில் எடை மெஷின் படம் வரும். படம் நிஜம்தான். ஆனால் ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. மூன்று கிலோவுக்கு 23,000. ஏழு நாளில் வகுத்தால் தினம் 3,300 கலோரி பற்றாக்குறை வர வேண்டும். ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தாலும் நம்மில் பெரும்பாலோர் ஒரு நாளில் அவ்வளவு எரிப்பதில்லை. பிறகு போனது எது? தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன், கிராமுக்கு மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினதும் கிளைகோஜன் தீரும், தண்ணீர் வெளியேறும், மெஷினில் முள் இறங்கும். எட்டாம் நாள் இட்லி சாப்பிட்டதும் அதே தண்ணீர் திரும்பி வரும். வந்ததைக் கொழுப்பு என்று நினைத்து மனம் உடைந்து மொத்தத்தையும் கைவிடுகிறார்கள். இறங்கியதும் கொழுப்பு இல்லை, ஏறியதும் இல்லை.

கடுமையாகப் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆன்செல் கீஸ் என்பவர் நடத்தியது, 1944 கடைசியில் தொடங்கியது. போர்க்களம் போக மனசாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படித் திரும்ப உணவு கொடுப்பது என்று அறிவதுதான் நோக்கம். 24 வாரம், நாளுக்கு 1,570 கலோரி அளவு, வாரம் 35 கிலோமீட்டர் நடை. உடல் எடையில் கால் பங்கு போயிற்று. அதோடு சிரிப்பும் போயிற்று. எப்போதும் குளிர்கிறது என்றார்கள், சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். பட்டினி முடிந்து கட்டுப்பாடு விலகியதும் நாள் முழுக்கச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை; கொழுப்பு பழைய அளவைத் தாண்டி ஏறியது. அவர்கள் ஒல்லியான இளைஞர்கள், எடை கூடியவர்களோடு அப்படியே ஒப்பிட முடியாது என்பது சரிதான். இருந்தாலும், இணையத்தில் சும்மா கிடைக்கும் டயட் சார்ட்டுகள் பல 1,000, 800 என்று போட்டிருப்பதைப் பார்க்கும்போது அந்த 1,570 எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டி நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துக் கெவின் ஹால் குழு அளந்து 2016-ல் வெளியிட்டது. இழந்த எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பியிருந்தது. அதைவிடப் பெரிய சேதி, அவர்கள் உடம்பு ஓய்வில் எரிக்கும் கலோரி அந்த உடலளவுக்கு எதிர்பார்ப்பதைவிடத் தினம் 500 அளவு குறைவாக இருந்தது. வேகமாக இறக்கியதை உடம்பு மறக்கவில்லை. மருத்துவர் குழு கூடவே இருந்து சில வாரம் நடத்தும் கடும் கட்டுப்பாட்டு முறைகள் உண்டு, அது தனிக் கதை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் யாரையும் கேட்காமல் வேளையை விடவே கூடாது. சர்க்கரை சரிந்து பாத்ரூமில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். விடியற்காலையில் அங்கே நடக்கும் கூட்டத்தைப் பார்த்தால் இந்த ஊரில் யாருக்குமே தொப்பை இருக்கக் கூடாது. இரண்டு சுற்று நடந்தால் 70 கிலோ ஆளுக்கு 250, 300 கலோரி போகும். போனதும் அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு. அதில் ஒன்றும் கேடு இல்லை. பிறகு நண்பர்களோடு ஓட்டலில் நெய்ப் பொங்கல், வடை, ஃபில்டர் காப்பி. நடந்தது இரண்டு மடங்காகத் திரும்பி வந்துவிட்டது. நடையைக் குறை சொல்ல மாட்டேன். சர்க்கரைக்கு நல்லது, இரத்த அழுத்தத்துக்கு நல்லது, இறக்கிய எடையைத் தக்கவைக்க மிக நல்லது. எடையை இறக்கும் வேலையை அதன் தலையில் மட்டும் கட்டுவதுதான் வம்பு. வார நாள்களில் தினம் 400 கலோரி குறைத்து ஐந்து நாளில் 2,000 மிச்சம் பிடித்தவர், சனிக்கிழமை வரவேற்பு விருந்திலும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியிலும் அதைச் செலவழித்துவிடுவதும் இதே ரகம். முகூர்த்த மாதங்களில் இது எல்லோருக்கும் நடக்கும்.

எந்த டயட் சிறந்தது என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. முகநூலில் தானியத்தையே விலக்கும் பேலியோ டயட் அலை அடித்த காலத்தில், காலைக்கு நூறு பாதாம் என்று கேட்டுப் பாதி ஊர் சிரித்தது, மீதி ஊர் பாதாம் வாங்கியது. நூறு பாதாமில் 700 கலோரி தேறும். ஆனாலும் பலருக்கு எடை குறைந்தது. அதைத் தின்றால் மத்தியானம் வரை பசிக்காது, இனிப்பும் பொரித்த பலகாரமும் தானாக நின்றுபோகும். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறு பாதிக்கு மாவுச்சத்தையும் குறைக்கச் சொன்னார். இரண்டு தரப்புக்கும் காய்கறியைக் கூட்டச் சொல்லி, சர்க்கரையையும் மைதாவையும் தள்ளச் சொன்னார். 2018-ல் வந்த முடிவு: ஒரு வருடத்தில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு குழுவிலும் இருபது கிலோவுக்கு மேல் இறக்கியவர்களும் இருந்தார்கள், எடை ஏறியவர்களும் இருந்தார்கள். எது உங்களால் அடுத்த தீபாவளிக்கும் தொடர முடியுமோ அதைப் பாருங்கள் என்பேன். புளிக்குழம்பு இல்லாமல் வாழ முடியாத ஆளுக்கு அவகாடோ சாலட் ஒரு மாதம்தான் தாங்கும்.

தூக்கத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சிகாகோவில் பத்துப் பேரை வைத்து 2010-ல் ஒரு சிறு ஆய்வு வந்தது. இரண்டு வாரம் எட்டரை மணி நேரத் தூக்கத்துக்கு இடம் கொடுத்தும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம் மட்டும் விட்டும் ஒரே அளவு குறைந்த உணவைக் கொடுத்தார்கள். இரண்டு முறையும் எடை மூன்று கிலோ அளவே இறங்கியது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 தான். மீதி தசை முதலானவை. ராத்திரி ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு வந்து ஐந்து மணிக்கு எழுந்து ஓடும் தம்பிகள் அந்த ஓட்டத்தை விட்டுவிட்டுத் தூங்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

எடை மெஷினைத் தினமும் மிதிப்பவர்கள் ஒரு தையல் டேப்பையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். 2004-ல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்ற படம் வந்தது. ஒருவர் லண்டன் யூட்கின், மற்றவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் யாஜ்னிக். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையைச் சொல்லும் பி.எம்.ஐ., ஒரே 22.3. யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கைகால் ஒல்லி, கொழுப்பெல்லாம் உள்ளே வயிற்றில் என்பது நம் நாட்டு உடம்பின் வாகு. அதனால்தான் நமக்குக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே எடை கூடுதல் என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். எடை நகராத வாரங்களில் டேப் நகர்வதும் உண்டு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபிறகு அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. பேன்ட் அளவைச் சொல்லித் தப்பிக்கவும் கூடாது. எங்கள் மாமா கல்யாணமான நாளிலிருந்து 34 சைஸ்தான் போடுகிறார். வருடா வருடம் பேன்ட்தான் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.